ஜூலை பத்து யாருக்குச் சொந்தம்?

(பட்டிமன்றத் தலைப்பு: ‘தினம் ஒரு சொல், தினம் ஒரு செய்தி – பிள்ளைகளுக்குப் பயனா? பாரமா?’ ‘பயனே’ என்ற அணியில் பேசியது.)

நடுவர் அவர்களே! எங்கள் அணித் தலைவர் அவர்களே! எதிரே வரிசையா உட்கார்ந்து, ‘இந்தம்மா என்னத்தைப் பேசிடப் போறாங்க’ன்னு பாத்துக்கிட்டிருக்கிற எதிரணி நண்பர்களே! அரங்கத்துக்கு வந்திருக்கிற பெரியோர்களே! வீட்டிலே பாதி வெங்காயம் நறுக்கின கையோட தொலைக்காட்சிக்கு முன்னால உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே! 

வெங்காயம்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. எனக்குச் சொந்த ஊர் பாகாயம். சென்னையில ஒருத்தர், ‘எந்த ஊரும்மா?’ன்னு கேட்டார். ‘பாகாயம்’னேன். ‘வெங்காயம் தெரியும், பெருங்காயம் தெரியும், அது என்னம்மா புதுக் காயம்?’னார். (சிரிப்பு) நான் சொன்னேன்: ‘ஐயா, வேலூரை ஒட்டின ஊரு. ஐடா ஸ்கடர் அம்மையார் 1918-ல பொம்பளைப் பிள்ளைங்களுக்காக ஆரம்பிச்ச மருத்துவப் பள்ளிக்கூடம், இன்னிக்கு பெரிய கல்லூரியா நிக்கிற ஊரு. உங்களுக்கு எந்தக் காயம் பட்டாலும் எங்க ஊர்ல ஆத்தி அனுப்பிடுவாங்க’ன்னேன். (கைதட்டல்)

நடுவர் அவர்களே, எதிரணியில முதல்ல பேசின ஐயா, ‘தினம் ஒரு செய்தின்னு குடுத்தா பிள்ளைங்க நுனிப்புல்தான் மேய்வாங்க’ன்னு சொல்லிட்டுப் போனார். ஐயா, நாங்க தோல் வியாபாரம் நடக்கிற பக்கத்து ஆளுங்க. எங்களுக்கு மாட்டைப் பத்திச் சொல்லித் தராதீங்க! (சிரிப்பு) எந்த மாடும் வேர்ல இருந்து மேய ஆரம்பிக்கிறதில்ல. நுனியிலதான் வாய் வைக்கும். ருசியா இருந்தா அடி வரைக்கும் போகும். பசங்களும் அப்படித்தான்.

ரெண்டாவது பேசின அம்மா, ‘காலையில படிச்சது சாயந்திரம் மறந்து போகும்’னாங்க. மறக்கட்டும்மா. நூறு மறக்கும். ஒண்ணு நிக்கும். அந்த ஒண்ணு எதுன்னு முன்கூட்டியே நமக்குத் தெரியாதே! தென்கச்சி கோ. சுவாமிநாதன் ஐயா வானொலியில ‘இன்று ஒரு தகவல்’ சொன்னாரே, எங்க தெருவே பல் தேய்க்கிறதை நிறுத்திட்டுக் கேட்கும். 2009-ல அவர் மறைஞ்சார். அவர் சொன்னதுல எத்தனை எனக்கு ஞாபகம் இருக்குன்னு கேட்டா, பத்து தேறாது. ஆனா பெரிய விஷயத்தைச் சிரிக்காம, சாதாரணமாச் சொல்லலாம்ங்கிறதை அந்தக் குரல்லதான் கத்துக்கிட்டேன்.

இப்ப நம்ம வீட்டுச் சுவத்துக்கு வருவோம். தினத்தாள் காலண்டர். சாமி படம் மேல, தாள் கட்டு கீழ. ஒரு தாள்ல என்னவெல்லாம் இருக்குன்னு பாருங்க. இங்கிலீஷ் தேதி, தமிழ்த் தேதி, ஹிஜ்ரி தேதி, கிழமை, திதி, நட்சத்திரம், நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், சூலம், சந்திராஷ்டமம். அதுக்கும் கீழ இடம் மிச்சம் இருந்தா ஒரு பொன்மொழி. எங்கம்மா அந்தத் தாளோட பின்பக்கத்துல பால் கணக்கு எழுதுவாங்க. ஆக முன்பக்கம் உலகக் கணக்கு, பின்பக்கம் பால்காரர் கணக்கு. ரெண்டுமே சரியா இருந்ததா சரித்திரம் இல்ல. (சிரிப்பு)

ஒரே ஒரு நாளை எடுத்துக்கறேன். ஜூலை 10. தமிழ்ல ஆனி மாசம் 26-ஆம் தேதி வாக்கில வரும். அன்னிக்கு உலகத்துல என்ன நடந்தது? 1856-ல நிகோலா டெஸ்லா பிறந்தார். இன்னிக்கு நம்ம வீட்டுக்கு வர்ற கரண்ட் இருக்கே, மாறுதிசை மின்சாரம், அதை ஊர் ஊரா கொண்டு போகலாம்னு வழி காட்டினவர். 1949-ல பம்பாயில சுனில் கவாஸ்கர் பிறந்தார். 1962-ல டெல்ஸ்டார்னு ஒரு செயற்கைக்கோள் மேலே போச்சு. ஒரு கண்டத்துல ஓடுற தொலைக்காட்சிப் படத்தை வாங்கி, வலுவேத்தி, கடல் தாண்டி இன்னொரு கண்டத்துக்குத் தள்ளின முதல் செயற்கைக்கோள் அதுதான். அது மாதிரி ஒண்ணு அன்னிக்குப் போகலேன்னா, இன்னிக்கு நான் பேசுறது சிங்கப்பூர்ல இருக்கிற எங்க சித்திக்குத் தெரியாது. (கைதட்டல்) சித்தி, சௌக்கியமா?

இன்னொண்ணு. 1913, ஜூலை 10. அமெரிக்காவுல கலிபோர்னியா பக்கம் மரணப் பள்ளத்தாக்குன்னு ஒரு இடம். அன்னிக்கு அங்க அடிச்ச வெயில் 56.7 டிகிரி செல்சியஸ். உலகத்துல பதிவான வெயில்லயே அதிகமானதுன்னு உலக வானிலை அமைப்பு வெச்சிருக்கிற கணக்கு அதுதான். இதை நான் வேலூர்ல சொன்னா ஒருத்தரும் ஆச்சரியப்பட மாட்டாங்க. ‘அப்படியா? அன்னிக்கு நம்ம ஊர்ல அளந்தாங்களா?’ன்னு கேப்பாங்க! (பலத்த சிரிப்பு)

மீன் குழம்பு சாப்பிடுறவங்களுக்கும் இந்த நாள் சொந்தம். 1957 ஜூலை 10, ஒரிசாவுல அங்குல்ங்கிற ஊர். ஹிராலால் சவுத்ரி, அலிகுன்ஹின்னு ரெண்டு விஞ்ஞானிங்க. ரோகு மாதிரி கெண்டை மீன்லாம் ஓடுற ஆத்துலதான் முட்டை போடும், குளத்துல விட்டா போடாது. அதனால மீன் வளர்க்கிறவங்க குஞ்சுக்கு ஆத்தை நம்பித்தான் இருந்தாங்க. இவங்க மீனோட மூளைக்கு அடியில இருக்கிற சுரப்பியிலேர்ந்து சாறு எடுத்து, இன்னொரு மீனுக்கு ஊசி போட்டாங்க. குளத்து மீன் முட்டை விட்டுது! அதனாலதான் ஜூலை 10 நம்ம நாட்டுல மீன் வளர்ப்போர் தினம். சந்தையில கட்லா வாங்குறோமே, யாராவது இந்த ரெண்டு பேரை நினைச்சிருக்கோமா? தினம் ஒரு செய்தின்னு ஒண்ணு இல்லேன்னா எனக்கும் தெரிஞ்சிருக்காது.

நடுவர் அவர்களே, இது வரைக்கும் சொன்னது எல்லா ஊருக்கும் பொது. எங்க ஊருக்குன்னு அந்த நாள்ல ஒண்ணு இருக்கு. அதைச் சொல்றதுக்கு முன்னாடி ஒரு சொல்.

கிழமை. ஞாயித்துக்கிழமை, திங்கக்கிழமைன்னு தினம் சொல்றோம். கிழமைன்னா என்ன? உரிமை. சொந்தம். ஆறாம் வேற்றுமைக்கு இலக்கணத்துல கிழமைப் பொருள்னு பேரு. ‘கண்ணனது வீடு’ன்னா வீடு கண்ணனுக்கு உரியது. வியாழக்கிழமைன்னா வியாழனுக்கு உரிய நாள். பழந்தமிழ்ல கிழவன்னா உரிமை உடைய தலைவன், கிழத்தின்னா தலைவி. ஆகவே நாளைக்கு யாராவது உங்களைக் ‘கிழவா’ன்னு கூப்பிட்டா சண்டைக்குப் போகாதீங்க, ‘தொல்காப்பியத் தமிழ் பேசுறான் பையன்’னு நினைச்சுக்குங்க. (சிரிப்பு) நடுவர் ஐயா, நான் பொதுவாத்தான் சொன்னேன்! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

சரி. ஒரு நாள்னு இருந்தா அது யாருக்கோ சொந்தம். ஜூலை 10 யாருக்குச் சொந்தம்? இந்தக் கேள்வி எனக்கு எட்டாம் வகுப்புல வந்துச்சு.

அப்ப எங்க பள்ளிக்கூடத்துல காலையில வழிபாட்டுக் கூட்டம் நடக்கும். கொடிக்கம்பத்துக்குக் கீழ ஒரு பிள்ளை நின்னு மூணு விஷயம் படிக்கணும். இன்றைய சொல், இன்றைய பொது அறிவு, வரலாற்றில் இன்று. முறை வெச்சு வரும். என் முறை வந்த நாள் ஜூலை 10. முந்தின நாள் ராத்திரி பக்கத்து வீட்டு அண்ணன்கிட்ட இருந்த பொது அறிவுப் புத்தகத்தைப் பாத்து அழகா எழுதிக்கிட்டுப் போனேன். கணீர்னு படிச்சேன்: ‘1806-ஆம் ஆண்டு இதே நாளில் நமது வேலூர்க் கோட்டையில் சிப்பாய்க் கலகம் நடந்தது. தலைப்பாகையில் தோலால் ஆன சின்னம் வைக்க வேண்டும் என்று வெள்ளையர் உத்தரவிட்டதே காரணம். தோல் தீட்டு என்று சிப்பாய்கள் கருதினர்.’

அவ்வளவுதான். மூணே வரி.

நடுவர் அவர்களே, எங்க நைனா – எங்க பக்கம் அப்பாவை நைனான்னுதான் பல வீட்டுல கூப்பிடுவோம் – தோல் ஷாப்புல வேலை பார்த்தாரு. மேல்விஷாரத்துல. விடியக்காலம் அஞ்சு மணிக்குக் கிளம்பி, ஆற்காடு பஸ்ஸைப் பிடிச்சுப் போவாரு. உப்புப் போட்டு வர்ற பச்சைத் தோலை ஊற வெச்சு, சுண்ணாம்புக் குழியில போட்டு, முடியெடுத்து, சவ்வெடுத்து, பதம் பண்ற வேலை. பழைய முறையில ஆவாரம் பட்டை, கடுக்காய்னு போட்டுப் பதம் பண்ணுவாங்க. பிறகு குரோமியம் வந்தப்புறம் தோல் ஒரு மாதிரி ஊதாவும் நீலமுமா வரும், ‘வெட் புளூ’ன்னு சொல்லுவாங்க. நைனா கைவிரல் இடுக்கெல்லாம் சுண்ணாம்பு அரிச்சு வெடிப்பு விட்டிருக்கும். எத்தனை சோப்பு போட்டாலும் அந்த வாடை போகாது. அந்தக் கையாலதான் எனக்குத் தலைப் பின்னல்ல ரிப்பன் கட்டி விடுவாரு.

நான் படிச்சு முடிச்சேன். என் வகுப்பு வரிசையில ஒருத்தி இன்னொருத்தியைப் பாத்துச் சிரிச்சா. வகுப்புக்குப் போனோம். ஒரு ஆசிரியை – பேரு வேணாம் – சாதாரணமாத்தான் சொன்னாங்க, ‘சரியான ஆளைத்தான் படிக்க விட்டிருக்காங்க, அவங்க அப்பாவே தோல் வேலைதானே’ன்னு. வகுப்பே சிரிச்சுது. மத்தியானம் சாப்பிடுறப்ப என் பக்கத்துல உட்கார்ந்திருந்த பிள்ளை, டிபன் பாக்ஸை ஒரு சாண் தள்ளி வெச்சா. ஒரு சாண்தான். நான் அளந்து பாத்தேன்.

சாயந்திரம் நைனா பள்ளிக்கூட வாசல்ல நின்னாரு. பகல் ஷிப்டு முடிஞ்சா நேரா வந்து என்னைக் கூட்டிக்கிட்டுத்தான் வீட்டுக்குப் போவாரு. நான் பக்கத்துல போய், மெதுவா சொன்னேன்: ‘நைனா, இனிமே நீ இங்க வர வேணாம்.’ அவரு ஏன்னு கேக்கல. ‘சரிம்மா’ன்னாரு. அடுத்த நாள்லேர்ந்து பள்ளிக்கூடத்துக்கு ஒரு ஸ்டாப் முன்னாடியே இறங்கி, வேற வழியா வீட்டுக்கு நடந்து போக ஆரம்பிச்சாரு.

எதிரணிக்காரங்க இப்பச் சந்தோஷமா குறிச்சுக்கலாம். பாரமான்னு கேட்டீங்களே, ஆமாம், பாரம்தான்! மூணு வரிச் செய்தி பதிமூணு வயசுப் பிள்ளை தலையில எவ்வளவு கனக்கும்னு எனக்குத் தெரியும். அந்தப் பாயிண்டை நானே குடுத்துட்டேன். ஆனா கதை அதோட முடியல.

அந்த ஞாயித்துக்கிழமை அம்மா என்னைப் பிடிச்சு உலுக்கினதுல எல்லாம் வெளியில வந்துச்சு. நைனா திண்ணையில உட்கார்ந்திருந்தாரு. கோபப்படல. தொழில் தெரிஞ்ச மனுஷன் கேக்குற மாதிரி ஒரு கேள்வி கேட்டாரு: ‘அந்தச் சிப்பாய் துப்பாக்கி வெச்சிருந்தானில்ல? தோட்டாப் பை எதுலம்மா தெச்சிருப்பான்? தோள்ல குறுக்கால போடுறானே வாரு, அது எதுல? அதெல்லாம் தோலு இல்லாம துணியாவா இருந்திருக்கும்? தோள்ல போட்டா தீட்டு இல்ல, தலையில வெச்சா மட்டும் தீட்டா?’

எங்க நைனா அஞ்சாவது வரைக்கும்தான் படிச்சவரு. (கைதட்டல்)

திங்கக்கிழமை காலையில இந்தக் கேள்வியை எங்க தமிழம்மாகிட்ட கொண்டு போனேன். அவங்க உடனே பதில் சொல்லல. ‘ரெண்டு நாள் பொறு’ன்னாங்க. நூலகத்துல போய்ப் பாத்துட்டு வந்து சொன்னாங்க. அதுக்கப்புறம் நானும் வளர்ந்து, தேடித் தேடிப் படிச்சதையும் சேர்த்துச் சொல்றேன், கேளுங்க.

1805 நவம்பர்ல சென்னைப் படைக்கு ஒரு உத்தரவு வந்தது. படைத் தளபதி சர் ஜான் கிரேடாக். ஆளுநர் வில்லியம் பெண்டிங். சிப்பாய் சீருடையில இருக்கும்போது நெத்தியில சமயக் குறி இருக்கக் கூடாது. தாடியை மழிக்கணும். மீசையை எல்லாரும் ஒரே மாதிரி வெட்டணும். பழைய தலைப்பாகையை எடுத்துட்டு, வெள்ளைக்காரன் தொப்பி மாதிரி வட்டமா ஒண்ணு வைக்கணும், அதுல தோல் சின்னம். நெத்தி, தாடி, மீசை, தலை. யோசிச்சுப் பாருங்க, ஒரு மனுஷன் முகத்துல அவனுக்குன்னு இருக்கிறது இவ்வளவுதான். அத்தனையிலும் கை வெச்சாச்சு. அந்தத் தொப்பியைப் போட்டா ஊருக்குள்ள போறப்ப, ‘நீயும் தொப்பிக்காரனா ஆயிட்டியா?’ன்னு சொந்தக்காரனே கேப்பான். தோல் விஷயமும் பொய்யில்ல. மாட்டுத் தோலா பன்னித் தோலாங்கிற சந்தேகத்துல இந்துவுக்கும் மனசு நொந்தது, முஸ்லிமுக்கும் நொந்தது. ஆனா நாலு அவமானத்துல மூணை விட்டுட்டு, ஒண்ணை மட்டும் எடுத்து மூணு வரியில எழுதினா, பழி தோல் மேல வந்து விழுது!

1806 மே மாசமே வேலூர்ல சிப்பாய்ங்க அந்தத் தலைப்பாகையை மறுத்தாங்க. முன்ன நின்னவங்களைச் சென்னைக்கு அனுப்பி, விசாரிச்சு, சாட்டையடி குடுத்தாங்க. கோட்டைக்குள்ள அப்ப யாரு இருந்தா? 1799-ல திப்பு சுல்தான் இறந்தப்புறம் அவரோட பிள்ளைங்க, குடும்பம் எல்லாரையும் அங்கதான் காவல்ல வெச்சிருந்தாங்க. ஜூலை 9-ஆம் தேதி அந்தக் குடும்பத்துல கல்யாணம், திப்புவோட மகளுக்கு. அந்த ராத்திரி கழிஞ்சு, விடியறதுக்கு முன்னாடி சிப்பாய்ங்க எழுந்தாங்க. கோட்டையில இருந்த வெள்ளைக்காரங்க 69-ஆம் படையணியைச் சேர்ந்தவங்க. அதிகாரிகளும் சிப்பாய்களுமா நூத்துக்கும் மேல செத்துப் போனாங்க. பாதிப் பேர் தூக்கத்துல இருந்தவங்க. அதையும் நாம மறைக்கக் கூடாது. மைசூர்க் கொடி கோட்டையில ஏறிச்சு. திப்புவோட மகன் பதே ஹைதர்தான் அரசர்னு அறிவிச்சாங்க.

சேதி ஆற்காட்டுக்குப் போச்சு. அங்கேர்ந்து குதிரைப் படையோட ரோலோ கிலெஸ்பிங்கிற அதிகாரி பறந்து வந்தார். கயித்தைப் பிடிச்சு மதில் மேல ஏறினார். பின்னாலயே பீரங்கி வந்தது, கதவைப் பிளந்தது. மத்தியானத்துக்குள்ள எல்லாம் முடிஞ்சுது. அரண்மனைக்குள்ள ஒளிஞ்சிருந்த சிப்பாய்களை வெளியில இழுத்து, சுவத்தோரம் நிக்க வெச்சுச் சுட்டாங்க. செத்த சிப்பாய்ங்க எத்தனை பேரு? 350-ன்னு ஒரு கணக்கு, 800-ன்னு ஒரு கணக்கு. வெள்ளைக்காரங்க தங்கள்ல செத்தவங்களை எண்ணி வெச்சாங்க; நம்மாளுங்களை எண்ணுறதுக்கு ஆள் இல்ல. பிறகு விசாரணைன்னு ஒண்ணு வெச்சு, ஆறு பேரைப் பீரங்கி வாயில கட்டிச் சுட்டாங்க.

நான் வீட்டுக் காலண்டரை வெச்சு இதுக்கும் ஜோசியம் பாத்தேன். 1806 ஜூலை 10 வியாழக்கிழமை. வியாழன்னா ராகு காலம் மத்தியானம் ஒன்றரை மணிக்குத்தான் ஆரம்பம். அதுக்குள்ள சண்டையே முடிஞ்சு போச்சு. சூலம் தெற்கே. கிலெஸ்பி வந்ததோ கிழக்கே ஆற்காட்டுலேர்ந்து. காலண்டர் எல்லாத்தையும் சொல்லும், வேணுங்கிறதை மட்டும் சொல்லாது! (சிரிப்பு)

ஆனா பாருங்க, உயிர் வீணாப் போகல. அந்தத் தலைப்பாகை உத்தரவை வாபஸ் வாங்கினாங்க. கிரேடாக்கையும் பெண்டிங்கையும் இங்கிலாந்துக்குத் திருப்பிக் கூப்பிட்டாங்க. திப்பு குடும்பத்தைக் கல்கத்தாவுக்குக் கொண்டு போனாங்க. கலகம் பண்ணின படையணிங்களைக் கலைச்சாங்க. வடக்கே 1857-ல நடந்ததுக்கு அரை நூற்றாண்டு முன்னாடி, எங்க ஊர்க் கோட்டையில நடந்தது இது. கிலெஸ்பிக்கு அயர்லாந்துல அவர் பிறந்த ஊர்ல சிலை இருக்கு. அவரைப் பத்தி இங்கிலீஷ்ல பாட்டுக் கட்டியிருக்காங்க. இந்தப் பக்கம் எழுந்தவங்கள்ல ஜமேதார் ஷேக் காசிம் மாதிரி ஒண்ணு ரெண்டு பேர்தான் ஏட்டுல இருக்கு. இருநூறு வருஷம் ஆனப்புறம், 2006-ல, ஒரு அஞ்சல் தலை வந்தது. வேலூர்ல மக்கான் பக்கத்துல நினைவுத் தூண் இருக்கு. அந்த வழியா பஸ்ல போறவங்க, கண்டக்டர் ‘மக்கான் இறங்கு’ன்னு சொல்றப்ப ஒரு தடவை திரும்பிப் பாருங்க.

சொல்லையும் பாருங்க. வெள்ளைக்காரன் எழுதினது ‘மியூட்டினி’. நாம அதை மொழிபெயர்த்து ‘கலகம்’னோம். நான் கொடிக்கம்பத்துக் கீழ படிச்சதும் கலகம்தான். இப்ப வர்ற பாடப் புத்தகத்துல ‘வேலூர்ப் புரட்சி’. அதே நாள், அதே கோட்டை, அதே ரத்தம். ஒரு சொல் மாறினதும் குற்றவாளி யாருங்கிறது மாறிப் போச்சே! சொல்லைத் தினம் ஒண்ணு கத்துக்கிட்டா என்ன பிரயோஜனம்னு எதிரணியில கேட்டாங்க. இதுதான் பிரயோஜனம். (கைதட்டல்)

இன்னொரு நாளையும் போற போக்குல சொல்லிடறேன். ஜனவரி 30-ன்னா நாடே காந்தி அடிகளை நினைக்கும். சரிதான். அதே ஜனவரி 30, 1832-ல, அதே வேலூர்க் கோட்டையில கைதியா இருந்து ஒருத்தர் செத்துப் போனார். இலங்கைக் கண்டியை ஆண்ட கடைசி ராஜா, ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். பாலாத்தங்கரையில முத்து மண்டபம்னு இருக்கே, அதுதான் அவர் சமாதி. ஒரு நாள் ஒருத்தருக்கு மட்டும் சொந்தமா இருக்கணும்னு சட்டம் இல்ல பாருங்க.

சரி, எங்க தமிழம்மாகிட்ட வருவோம். அந்தப் புதன்கிழமை அவங்க என்னைக் கூப்பிட்டாங்க. ‘இன்னிக்கும் நீதான் படிக்கிற’ன்னாங்க. ‘என் முறை முடிஞ்சிருச்சேம்மா’ன்னேன். ‘முறையெல்லாம் நான் பாத்துக்கறேன்’னு ஒரு சீட்டைக் கையில குடுத்தாங்க. கொடிக்கம்பத்துக்குக் கீழ போய்த்தான் பிரிச்சேன். பிரிச்சதும் கை நடுங்குது. மேலேயே எழுதியிருக்கு: ‘இன்றைய சொல்: தோல்.’

மறுபடியும் சிரிப்பாங்களேன்னு பயம். நின்னுட்டேன். அவங்க கூட்டத்துக்குப் பின்னால நின்னு, படின்னு தலையசைச்சாங்க. படிச்சேன். தோல் என்றால் உடம்பைக் காப்பது. தோல் என்றால் கேடயம். சங்ககாலப் போர்வீரன் கையில் பிடித்தது. தோல் என்றால் யானை என்றும் அகராதியில் பொருள் உண்டு. தொல்காப்பியர் செய்யுளுக்கு எட்டு வகை வனப்பு சொல்கிறார்: அம்மை, அழகு, தொன்மை, தோல், விருந்து, இயைபு, புலன், இழைபு. அதில் நான்காவது வனப்பின் பெயர் தோல். உயர்ந்த பொருளை நல்ல சொற்களால் பாடுகிற செய்யுளின் அழகுக்கு அந்தப் பெயர். மிருதங்கமும் தவிலும் பறையும் தோற்கருவிகள். தோலைப் பதம் செய்யத் தெரிந்தவர் இல்லையென்றால் கோயிலில் தவில் இல்லை, படையில் கேடயம் இல்லை, நம் காலில் செருப்பு இல்லை.

(நீண்ட கைதட்டல்)

நடுவர் அவர்களே, அன்னிக்கு இந்த மாதிரி யாரும் கை தட்டல. யாரும் சிரிக்கவும் இல்ல. கூட்டம் கலைஞ்சு போச்சு. மத்தியானம் அந்தப் பிள்ளை டிபன் பாக்ஸைப் பழைய இடத்துக்குத் தள்ளி வெச்சாளான்னு கேட்டீங்கன்னா, அன்னிக்கு இல்ல. ஒரு வாரம் ஆச்சு. ‘உன்கிட்ட இருக்கிறது என்ன ஊறுகா?’ன்னு கேட்டுக்கிட்டே வந்து உட்கார்ந்தா. பிள்ளைங்க மன்னிப்புக் கேக்கிற முறை அதுதான். (சிரிப்பு) அவ இன்னிக்கும் எனக்குச் சிநேகிதி. ஆம்பூர்ல வாழ்க்கைப்பட்டிருக்கா. வாணியம்பாடி, பேரணாம்பட்டுன்னு எங்க போனாலும் ஏதோ ஒரு வீட்டுல ஒருத்தர் தோல் ஷாப்புக்கோ ஷூ கம்பெனிக்கோ போற பக்கம் அது. அவளோட ரெண்டு நாத்தனாருங்களும் ஷூ கம்பெனியில அப்பர் தெக்கிறாங்க.

மணி அடிச்சிட்டீங்க. ஒரே நிமிஷம், நடுவர் ஐயா.

அந்தப் புதன்கிழமை சாயந்திரம் நான் பள்ளிக்கூட வாசல்லேர்ந்து கிளம்பி, ஒரு ஸ்டாப் முன்னாடி போய் நின்னேன். ஆற்காடு பக்கம் போயிட்டு வேலூர்ல மாறி வர்றவரு, எந்த பஸ்ல வருவாருன்னு தெரியாது. மூணு பஸ் போச்சு. நாலாவதுல இறங்கினாரு. என்னைப் பாத்ததும் மொதல்ல பயந்துட்டாரு, ‘இன்னாம்மா ஆச்சு?’ன்னு. ‘ஒண்ணும் இல்ல நைனா. இன்னிக்கு ஒரு சொல்லு படிச்சேன், உனக்குச் சொல்லலாம்னு வந்தேன்’னேன். புத்தகப் பையை வாங்கித் தோள்ல மாட்டிக்கிட்டாரு. அந்தப் பையோட வாரை ஒரு தடவை விரலால தேச்சுப் பாத்து, ‘இது தோலு இல்ல, ரெக்சின். ஏமாத்தியிருக்கான்’னாரு. (சிரிப்பு) நான் சீட்டைப் பிரிச்சேன். பள்ளிக்கூட வாசல் வழியாவே ரெண்டு பேரும் நடந்து போனோம், நான் படிச்சுக்கிட்டே. நாலாவது வனப்புக்கிட்ட வர்றப்ப, ‘இரு, இரு, அதை இன்னொரு வாட்டி படி’ன்னாரு.

(நீண்ட கைதட்டல்)